குடவோலையில் எது பெருமை?

கேள்வி: உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் நாட்டில் தேர்தல் நடந்தது என்கிறார்கள். குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுப்பது குலுக்கல்தானே, ஜனநாயகமா?
வாசகர், திண்டிவனம்

பதில்: குலுக்கல்தான். ஓட்டு என்று அங்கே யாரும் போடவில்லை. ஆனால் பழைய ஏதென்ஸிலும் 500 பேர் சபைக்குச் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். அதனால் அந்தக் காரணத்துக்காக இதைத் தள்ள வேண்டாம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் இந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்கள் என்ற குழுக்களுக்குக் குடும்புக்கு ஒருவர். விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க, வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! பிறகு எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும்.

நான் அந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் நின்றுவிடுவேன்: 'கணக்குக் காட்டாதே இருந்தாரையும்'. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. தடை அவரோடு நிற்கவில்லை. அவருடைய அப்பா, மகன், மாப்பிள்ளை, மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் வரைக்கும் தடை. ஆளை மாற்றி அதே குடும்பம் பதவிக்கு வரும் வழியை அன்றே யோசித்து அடைத்திருக்கிறார்கள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று எல்லாமே ஊர்ச் சொத்தைக் கையாளும் வேலை. பதவிக்காலம் 360 நாள். பெருமைப்பட வேண்டுமென்றால் இந்த விதிகளுக்காகப் படுவேன்.

சரி, இதை மக்களாட்சி என்று சொல்லலாமா? அதில் எனக்குச் சம்மதமில்லை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வயது 35க்கு மேல் 70க்குள், கால்வேலிக்கு மேல் (வேலி என்பது நில அளவு) வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும் என்று ஒரு சலுகை உண்டு. அந்த ஏரித் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சிய உழவர் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ குடத்துக்குள் போயிருக்க வழியே இல்லை. அவர்கள் எல்லோர் கைக்கும் ஓட்டு வந்தது 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பால். முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்.