வாசகர் கேள்வி பதில்: போனில் வாக்கா, கிளிக்கரா?

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு 200 பேர் வருவார்கள், பாதிப்பேர் வயதானவர்கள். வாக்கெடுப்பைப் போனில் வைக்கலாமா, கிளிக்கர் (பொத்தானை அழுத்தி வாக்குப் போடும் சின்னக் கைக்கருவி) வாங்கவா?
- வாசகர், கொக்குவில்

பதில்: எதற்கு வாக்கு என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். ஒன்றுகூடலை எந்த மாதம் வைப்பது போன்ற விஷயமென்றால் சிலைடோ, மென்டிமீட்டர் போன்ற இணைய வாக்கெடுப்புத் தளங்கள் போதும். செயலி இறக்கத் தேவையில்லை, கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணினால் உலாவியிலேயே கேள்வி வந்துவிடும், ஆனால் இலவசக் கணக்கில் பங்குபற்றுவோர் தொகைக்கு எல்லை உண்டு, 200 பேருக்குக் காணுமா என்று முதலே பாருங்கள். ஒரு கூட்டத்தில் முன்வரிசை ஐயா ஒருவர் போனைத் திரைக்கு நேரே பிடித்தபடி நின்றார், யன்னல் வெளிச்சத்தில் குறி பிடிபடவேயில்லை, பக்கத்திலிருந்த பேத்தி, குறிக்குப் பதிலாக உலாவியில் போடும் இலக்கத்தைத் தட்டிக்கொடுத்த பிறகுதான் வாக்குப் போட்டார். அதனால் இலக்கத்தையும் பெரிதாகப் போடுங்கள்.

கிளிக்கர் ரேடியோ அலையில் ஓடும், பார்வையாளருக்கு இணையம் வேண்டாம், பெரியவர்களுக்கு லேசு. ஆனால் வருடத்தில் ஒரு கூட்டத்துக்காக வாங்குவது வீண் செலவு.

தலைவர், செயலாளர் தெரிவா? சரி, அதற்கு இந்த இலவசத் தளங்கள் வேண்டவே வேண்டாம், ஒருவரே இரண்டு போனில் போட்டால் பிடிப்பது கஷ்டம். உறுப்பினர் பட்டியலில் பெயரைப் பார்த்து வாக்குச் சீட்டுக் கொடுங்கள்.