சோறும் சாம்பலும்

அன்புள்ள ஐயா,

காட்டில் மரம் விழுகிறது, கேட்க ஆளில்லை. அங்கே ஒலி உண்டா? ஒலி ஆகாயத்தின் குணம் என்று நம் முன்னோர் அன்றே கண்டதை மேல்நாட்டார் மறைத்துவிட்டார்கள் என்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

— கல்லூரி மாணவர், தட்டோன், பர்மா

அன்புள்ள தம்பி,

மரத்தை விடுங்கள். காற்றின் அதிர்வுதான் ஒலி என்றால் உண்டு, காதில் விழுவதுதான் ஒலி என்றால் இல்லை. வெறும் சொற்சண்டை.

ஆகாயத்தை யாரும் மறைக்கவில்லை. ஒலி ஆகாயத்தின் குணம் என்று வைசேடிகர் என்ற பழைய தத்துவப் பள்ளியார் சொன்னது ஏட்டில் அப்படியே இருக்கிறது. 1660-இல் ராபர்ட் பாயில் கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சியெடுக்க, உள்ளே தொங்கிய கடிகாரத்தின் ஓசை மங்கிப்போனது. ஒலியைச் சுமப்பது ஆகாயமல்ல, காற்று. எழுத்து பிறக்கும் விதம் சொன்ன தொல்காப்பியரும் உந்தியிலிருந்து எழும் வளியைத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'முன்னோர்' என்ற சொல்லால்தான். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கருப்பாக ஒட்டியிருக்கிறதே, கரணை, அதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வட்டத் தோலைத் தட்டினால் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த சுரங்கள், ஒன்றோடொன்று சேராது. முதலாவதே அடிச்சுரத்தின் 1.59 மடங்கில் நிற்கும். கரணை தோலின் நடுவைக் கனமாக்கி, அவற்றை 2, 3, 4, 5 மடங்குகளுக்கு அருகே இழுத்து வருகிறது. 1920-இல் இதை ஆராய்ந்து எழுதியவர் சி.வி. ராமன். 1909-இல் நம் ரங்கூனில் அரசு அதிகாரியாக இருந்த அதே ராமன். ஆனால் கையால் கண்டவர் யார்? தோலைப் பதனிட்டு, கல்லைப் பொடித்து, சோற்றில் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்துத் தேய்த்துக் காதால் சரிபார்த்தவர். அந்த மேளம் ஒலித்த கோயிலுக்குள் அவரை விட்டார்களா? முன்னோர் என்று எழுதியபோது அவரை நினைத்தீர்களா? ஏட்டை நினைத்தீர்கள். நண்பர்கள் சிரித்ததில் தப்பில்லை.

மோல்மீனில் எனக்குப் பத்து வயது. அப்பா பஜனைக்கு மிருதங்கம் வாசிப்பவர். ஒரு பகோடாத் திருவிழாவில் சைங்வைங் என்ற பர்மிய மேளம். வட்டச் சட்டத்துக்குள் 21 பறைகள், நடுவே ஒரு கிழவர். ஒவ்வொரு பறையிலும் ஒரு பசையை அப்பியும் வழித்தும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். பசை கூடினால் சுருதி இறங்கியது. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சயா" (பர்மிய மொழியில் ஆசான்) என்று அருகே போய் நின்றார். கிழவர் சிரித்து, ஒரு சிட்டிகையை அவர் உள்ளங்கையில் வைத்தார். முகர்ந்து பார்த்த அப்பா, "சோறு, சாம்பல்டா" என்றார், ஏதோ உறவினரைக் கண்டதுபோல.

அன்றிரவு மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்குப் பிசைந்த ரவையில் அடுப்புச் சாம்பலைக் கலந்தார். அம்மா திட்டினாள். காய்ந்ததும் அது உதிர்ந்து மடியெல்லாம் கொட்டியது.