பழைய விண்டோஸுக்குத் திரும்பலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்களை வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுத்து வருகிறேன். 2021-இல் விண்டோஸ் 10 உடன் வாங்கிய லேப்டாப்பை மூன்று வாரங்களுக்கு முன்பு விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து என் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் அதன் டாங்கிளை (செருகினால்தான் மென்பொருள் திறக்கும் யுஎஸ்பி சாவியை) கண்டுகொள்வதே இல்லை. பழையதற்குத் திரும்பும் வசதியும் செட்டிங்ஸில் செயலற்றுக் கிடக்கிறது. ரிச்சி தெருவில் விசாரித்தால், ஃபார்மட் செய்து அன்றைக்கே 10-ஐப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். தை முகூர்த்த வேலைகள் குவிந்திருக்கின்றன. கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, சென்னை-5

பதில்: இன்றைக்கே கொடுத்துவிட வேண்டாம். திரும்பிப் போக வழி இருக்கிறது. ஆனால், உங்கள் சிக்கலுக்குக் காரணம் விண்டோஸ் 11 முழுவதுமா, அதிலுள்ள ஒரே ஓர் அமைப்பா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் கோர் ஐசொலேஷன் என்பதைத் திறந்தால், மெமரி இன்டக்ரிட்டி என்றொரு சுவிட்ச் இருக்கும். அது இயங்கும்போது, பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத பழைய டிரைவர்களை, அதாவது கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் சிறு மென்பொருள்களை, விண்டோஸ் உள்ளே விடாது. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத டாங்கிள் டிரைவர்கள் இதில் சிக்கிக்கொள்வது வழக்கம். உங்களுக்கு மென்பொருளை விற்றவரிடம் டாங்கிளுக்குப் புதிய டிரைவர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், சோதனைக்காக மட்டும் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கிப் பாருங்கள். டாங்கிள் வேலை செய்துவிட்டால், காரணம் இதுதான் என்பது உறுதியாகிவிடும். ஆனால் அதை அணைத்தே வைத்திருந்தால் பாதுகாப்பின் ஓர் அடுக்கை இழக்கிறீர்கள் என்பதால், அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

இதுவும் பலன் தராவிட்டால் 10-க்குத் திரும்புவதில் நியாயம் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறிய பின் 10 நாட்களுக்குள் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'கோ பேக்' கொடுத்தாலே போதும். கோப்புகள் அப்படியே இருக்க, பழைய இயங்குதளம் வந்துவிடும். அதற்குத் தேவையானவற்றை விண்டோஸ் ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருந்து, 10 நாள் ஆனதும் தானாகவே அழித்துவிடுகிறது. கெடு முடிவதற்குள் ஒரு கட்டளை கொடுத்து அதை 60 நாள் வரை நீட்டியிருக்கலாம். மூன்று வாரம் கடந்துவிட்டதால் உங்களுக்கு இனி புதிதாக நிறுவுவது ஒன்றே வழி. அப்படி நிறுவினால் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் போய்விடும்.

ஆகவே முதல் வேலை, கோப்புகளைப் பிரதி எடுப்பது. படங்களையும் ஆவணங்களையும் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தொழிலில் மறந்துபோவது எழுத்துருக்களைத்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை கணினியைப் பொறுத்தவரை வெறும் ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஐந்து குறிகளாக நிற்கும். பத்து ஆண்டு அழைப்பிதழ்களும் அப்படித் தெரிந்தால் உங்கள் மனம் என்ன பாடுபடும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. எனவே, விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும், மென்பொருளின் நிறுவல் கோப்பையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்து, வேறொரு கணினியில் ஓர் அழைப்பிதழையாவது திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர் கீ, அதாவது வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியைத் திறக்கும் எண். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால், பல லேப்டாப்களில் வட்டு நமக்குத் தெரியாமலேயே குறியாக்கம் ஆகியிருக்கும். பழக்கமான ஒரு வீட்டில், பிரதி எடுப்பதற்கு முன்பே பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதியில்) எதையோ மாற்றிவிட்டு, மறுபடி தொடங்கியதும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கப்பட்டு, அது என்னவென்றே தெரியாமல் தந்தையும் மகனும் திகைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கை ஃபோனில் திறந்து பார்த்தபோது எண் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் அந்த வட்டில் இருந்தவற்றை யாராலும் மீட்டிருக்க முடியாது. நீங்கள் முன்கூட்டியே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எளிது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள காலியான பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றிக்கொள்ளலாம். லேப்டாப் 10 உடனேயே வந்தது என்பதால் உரிமம் ஏற்கெனவே அந்தக் கணினியின் பெயரில் இருக்கிறது. முன்பு இருந்த அதே பதிப்பை, அதாவது ஹோம் என்றால் ஹோமையே, தேர்ந்தெடுத்தால் இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படத் தொடங்கும். கடையில் கொடுத்துப் போடச் சொன்னாலும், உரிமம் இருக்கும்போது வேறு கீயோ, உரிமத்தை ஏமாற்றும் 'கிராக்'கோ வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மிக முக்கியமான ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். அதற்கு விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை. நிறுவிய அன்றே அதில் சேர்ந்துவிடுங்கள். தை முகூர்த்தங்கள் முடிந்து கை ஓய்ந்ததும், பழைய எழுத்துருக் கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையைச் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். டாங்கிளை நம்பியிருக்கும் நிலையிலிருந்து உங்களை விடுவிப்பது அந்த வேலைதான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்கு வாங்கிய லேப்டாப் விண்டோஸ் 11 உடன் வந்தது, 8 ஜிபி ரேம், மிகவும் மெதுவாக இருக்கிறது. 10-ஐ நிறுவ முயன்றபோது, வட்டு எதுவுமே இல்லை என்று திரையில் காட்டுகிறது. வட்டு பழுதாகிவிட்டதா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பின் வழியாகவே வட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய டிரைவர் விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்பில் இல்லாததால் வட்டு கண்ணில் படுவதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் அந்த டிரைவரைப் பென் டிரைவில் வைத்து, 'லோடு டிரைவர்' என்ற இடத்தில் காட்டினால் வட்டு தெரியும். பயாஸில் விஎம்டியை அணைக்கச் சொல்லி யாராவது யோசனை கூறினால் கேட்காதீர்கள். இப்போதிருக்கும் விண்டோஸ் 11 கூடத் தொடங்காமல் போகலாம்.

ஆனாலும் உங்கள் லேப்டாப்பில் 10-ஐ நிறுவ நான் சொல்ல மாட்டேன். 11 உடனேயே வந்த கணினி என்றால் ஹோம் பதிப்பின் உரிமம் பழைய பதிப்புக்கு இறங்க அனுமதிப்பதில்லை. ப்ரோ பதிப்புக்குத்தான் அந்த உரிமை உண்டு. வைஃபை, டச்பேடு ஆகியவற்றுக்கு விண்டோஸ் 10 டிரைவர்களைத் தயாரிப்பாளர் தராமலும் இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில், கணினியைத் தொடங்கும்போதே கூடவே கிளம்பும் செயலிகளை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அப்போதும் மெதுவாகவே இருந்தால், ரேம் சேர்க்கும் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு 8 ஜிபியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.