மழை வந்தால் கரகரக்கும் தொலைபேசி

கேள்வி: எங்கள் வீடு ஹட்டனுக்குப் பக்கத்தில். மழை தொடங்கியதிலிருந்து வீட்டுத் தொலைபேசியில் ஒரே கரகரப்பு. வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. செம்புக் கம்பி லைன்தான். கீழ் வீட்டில் அண்ணனுக்கும் இதே லைனிலிருந்து வயர் இழுத்து ஒரு போன் வைத்திருக்கிறோம். வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்து பார்த்து, வீட்டு வயர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதலில், பாஸுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். மழைக்கு மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் சுவருக்குள் இருக்காது. தண்ணீர் போகும் இடத்தில்தான் இருக்கும்.

வெளி வயர் வீட்டுக்குள் வந்து சேரும் சின்னப் பெட்டி இருக்கிறதே, ரோசெட், அதற்குப் போங்கள். அதிலிருந்து உள்ளே போகும் வயர்கள், ரவுட்டர், அண்ணன் வீட்டு வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நல்ல சாதாரண போன் ஒன்றை நேரே மாட்டுங்கள். கோட்லெஸ் வேண்டாம். டயல் டோன் வந்ததும் ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காது கொடுத்துக் கேளுங்கள். அப்போதும் கரகரத்தால் கோளாறு வெளியே. தொலைபேசி நிறுவனம்தான் திருத்த வேண்டும், நீங்கள் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். சத்தமில்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டும்போது கரகரப்பு வருகிறதோ, அதுதான் ஆள். இதை மழை பெய்யும்போது செய்ய வேண்டும், ஆனால் இடி மின்னல் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். சும்மா இருக்கும் லைனில் சுமார் 50 வோல்ட்தான். மணி அடிக்கும்போது அது 75, 90 என்று ஏறும், கையை உதறவைக்கும்.

வெளியே உள்ள கோளாறை நிறுவனம் திருத்த வேண்டும் என்றேன் அல்லவா, அண்ணன் வீட்டு வயர் அப்படியல்ல. அது மழையில் நனைந்தாலும், மரக்கிளையில் உரசினாலும், ரோசெட்டுக்குப் பிறகு நீங்கள் இழுத்தது. ஆகவே உங்கள் பொறுப்பு. அதற்காகக் கம்பத்து லைனைத் திருத்தச் சொல்லிப் பயனில்லை. எனக்கென்னவோ அதன் மேல்தான் சந்தேகம். இடையில் எங்காவது முறுக்கி டேப் சுற்றிய மூட்டு இருக்கும். டேப்பைப் பிரித்துப் பாருங்கள், செம்பு பச்சை பிடித்திருக்கும். பச்சையானதை வெட்டிவிட்டு, ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டு இணைத்தால் போதும். வயர் சுவரில் நுழையும் இடத்தில் துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும், உள்ளே வராது.

இப்படி ஓரிரு மூட்டுக்காக வீடு முழுக்கச் சுவரைக் கொத்தச் சொல்கிற பாஸ்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். "கம்பனியிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கோளாறு வெளியே என்று தெரிந்தால் முறைப்பாடு செய்து இலக்கத்தை எழுதி வையுங்கள். ஆனால் ஒன்று. மழையில் முறையிட்டால் ஆள் வருவது வெயிலில். கேட்பார், சத்தமிருக்காது, "சரிசெய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்துவிடும். இதற்கு எத்தனை முறை சலித்துக்கொள்வது! மழை நேரத்துக் கரகரப்பை மொபைலில் பதிவு செய்து வைத்திருங்கள். வருபவருக்குப் போட்டுக் காட்டி, கம்பத்திலுள்ள பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.