ஐரிஷ் நீராவி எஞ்சின் மாடல்கள்: நிறம், கோடு, தண்டவாளம் – கேள்வி பதில்

கேள்வி: நம்ம ஊர் அகலப்பாதையும் அயர்லாந்து பாதையும் ஒன்றுதானா சார்?

இல்லை. நம்முடையது 5 அடி 6 அங்குலம். அவர்களுடையது 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் பிரேசிலிலும் இதே அளவு உண்டு.

கேள்வி: டபுள் ஓ தண்டவாளமே போதுமா, 21 மி.மீ. போட வேண்டுமா?

டபுள் ஓ (OO) என்ற மாடல் அளவுகோலில் ஓர் அடி என்பது 4 மி.மீ. அந்தக் கணக்கில் 5 அடி 3 அங்குலம் மிகச் சரியாக 21 மி.மீ. டபுள் ஓவுக்குக் கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் நிஜத்தில் 4 அடி ஒன்றரை அங்குலம்தான். ஓர் அடிக்கு மேல் குறைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் முன்னால் நின்று பார்த்தால் அகலமான உடம்புக்கு அடியில் சக்கரங்கள் ஒடுங்கி நிற்பது கண்ணை உறுத்தும்.

21-க்குப் போனால் அச்சுகளை நீளமாக மாற்ற வேண்டும். செப்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பரில் தண்டவாளத்தைச் சால்டர் வைத்து நீங்களே போட வேண்டும், பாயின்டுகளும் அப்படித்தான். வளைவின் ஆரம் ஒரு மீட்டருக்குக் கீழே போனால் ஆறு சக்கர எஞ்சின்கூட முரண்டு பிடிக்கும். வெளிச் சிலிண்டர் எஞ்சினில் முன் சக்கரம் சிலிண்டரின் பின்பக்கத்தில் இடிக்கும்; கீழே சொல்லும் ஜே15 போன்ற உள் சிலிண்டர் எஞ்சினில் அந்தத் தொல்லை இல்லை. முதல் மாடலை 16.5-லேயே செய்யுங்கள்.

கேள்வி: முதல் எஞ்சினாக எதைச் செய்யலாம் அண்ணா?

ஜே15. கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் 101 வகை இது. 1866 முதல் 1903 வரை 111 எஞ்சின்கள். அயர்லாந்தில் வேறெந்த வகையும் இத்தனை கட்டப்படவில்லை. 1960-கள் வரை ஓடியதால் எந்தக் காலத்துக் காட்சி வைத்தாலும் பொருந்தும்.

ஆனால் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் எண்ணை முடிவு செய்யுங்கள், பிறகு ஆண்டை. இன்றும் இருக்கும் இரண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 184-க்கு வட்டத் தலை ஃபயர்பாக்ஸ் (கரி எரியும் பெட்டி), சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்கள்) கிடையாது. 186-க்குத் தட்டைத் தலையுள்ள ‘பெல்பேர்’ ஃபயர்பாக்ஸ், சூப்பர்ஹீட்டரும் உண்டு. இரண்டும் ஜே15தான், ஆனால் ஒன்றின் பாய்லரில் மற்றதன் எண்ணை ஒட்டினால் மாடலே தப்பு.

கேள்வி: சிஐஇ (அயர்லாந்தின் தேசியப் போக்குவரத்து நிறுவனம்) காலத்து ஜே15-க்கு என்ன நிறம்? பச்சையா, கறுப்பா?

அடர் சாம்பல். முதல் உலகப்போர்க் காலத்தில் டப்ளினின் இன்ச்சிகோர் ரயில் பட்டறையில் தொடங்கிய வழக்கம் இது. 1925-இல் வந்த கிரேட் சதர்ன் ரயில்வேஸும், 1945-இல் வந்த சிஐஇ-யும் அதையே தொடர்ந்தன. பாய்லர், கேப், டெண்டர், சக்கரம், ஸ்மோக்பாக்ஸ், புகைபோக்கி எல்லாமே அந்த ஒரே சாம்பல். பஃபர் பீம் (முன்பின் முனைகளின் குறுக்குச் சட்டம்) மட்டும் சிவப்பு. சிஐஇ காலத்தில் பல எஞ்சின்களின் வார்ப்பு எண் பலகைகள் போய், கேப்பில் மஞ்சள் எண் எழுதப்பட்டது. பச்சை பூசியது 800, 400 வகை போன்ற பயணி எஞ்சின்களில் சிலவற்றுக்குத்தான்.

ஹம்ப்ரால் பெயின்டில் 67-ஆம் எண் சாம்பலிலிருந்து தொடங்குங்கள். மாடலில் நிறம் நிஜத்தைவிட அடர்ந்து தெரியும் என்பதால் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேருங்கள்.

கேள்வி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். என்னிடம் இருக்கும் 1950-களின் படங்களில் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கின்றன.

அதே படங்களை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். எஞ்சின்மேல் கரியும் எண்ணெயும் படிந்திருக்கும். பாய்லரை அடிச்சட்டத்தின் நிழலோடு ஒப்பிடுங்கள். பட்டறையிலிருந்து புதிதாக வெளிவந்த எஞ்சினின் படம் என்றால் நிழல் கறுத்தும் பாய்லர் வெளுத்தும் தெரியும்.

கேள்வி: படத்தை விடுங்கள். நான் பார்த்த எஞ்சினே கறுப்பாக இருந்ததே?

பாதுகாத்து ஓட்டும் எஞ்சினின் பூச்சு இன்று ஓட்டுபவர்களின் தேர்வு. அது 1950-க்குச் சாட்சி ஆகாது. இதை எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன். நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி சரி: நீராவியின் கடைசி ஆண்டுகளில் சில எஞ்சின்கள் கறுப்பாயின. சிஐஇ-யில் நீராவி 1963-இல் முடிந்தது. உங்கள் எண்ணுக்கும் ஆண்டுக்கும் ஆதாரம் இருந்தால் கறுப்பே அடியுங்கள். இல்லையென்றால் சாம்பல்.

கேள்வி: அந்தச் சாம்பலுக்கு சரியான ரால் (RAL நிற அட்டவணை) எண் என்ன?

கிடையாது. பட்டறையில் கலந்த பெயின்ட் அது.

கேள்வி: ஜிஎன்ஆர் (அயர்லாந்தின் கிரேட் நார்தர்ன் ரயில்வே) நீலம் எனக்கு எப்போதும் மங்கி, சேறு பூசினதுபோல வருகிறது. ஏன்?

சாம்பல் பிரைமர்மேல் அடித்திருப்பீர்கள். வான்நீலம் அடியில் உள்ள நிறத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பிரைமர் போடுங்கள். பித்தளை கிட் என்றால் முதலில் சோப்பு போட்ட வெந்நீரில் தேய்த்துக் கழுவி, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர், அதன்மேல் வெள்ளை. ஏர்பிரஷில் 15 முதல் 20 பிஎஸ்ஐ, மெல்லிசாக மூன்று முறை.

இந்த நீலத்துக்கு இவ்வளவு பாடுபடலாம். 1932-இல் பேயர் பீகாக் கட்டிய ஐந்து காம்பவுண்டுகள் (நீராவியை இரண்டு முறை பயன்படுத்தும் எஞ்சின்கள்), 83 முதல் 87 வரை: ஈகிள், ஃபால்கன், மெர்லின், பெரெக்ரின், கெஸ்ட்ரல். ஐந்தும் வேட்டைப் பறவைகளின் பெயர்கள். நீல உடம்பு, அதில் கறுப்பு வெள்ளைக் கோடு, ஓரச் சட்டம் சிவப்பு. ஐரிஷ் ரயிலில் இதைவிட அழகான பூச்சு எனக்குத் தெரியாது. ஆனால் சரக்கு எஞ்சின்களுக்கு நீலம் அடிக்காதீர்கள், அவை கறுப்பு.

கேள்வி: அந்தக் கோட்டைக் கையால் போட முடியுமா?

முடியும், போ பென் (இரண்டு அலகுகளுக்கு இடையே பெயின்ட் விட்டுக் கோடு இழுக்கும் பேனா) வேண்டும். அடிநிறம் அக்ரிலிக், கோடு எனாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பினால் வொயிட் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சால் கோட்டை மட்டும் துடைத்துவிடலாம். இரண்டும் எனாமல் என்றால் அடிநிறமும் கையோடு வந்துவிடும். அடிநிறம் பளபளப்பாக இருக்க வேண்டும், மேட் பரப்பில் கோடு கசியும். இரண்டு நாள் காய விடுங்கள். முதலில் கறுப்பு, அது காய்ந்த பின் இருபுறமும் வெள்ளை. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பேனா முனையைத் துடைக்காவிட்டால் கோடு தடித்துக்கொண்டே போகும். கால் மி.மீ. வந்தால் போதும், அதற்குக் கீழே போக முயன்று நேரத்தைக் கரைக்காதீர்கள்.

கேள்வி: பாக்மன் கம்பெனியின் ‘என்’ (N) வகை இங்கிலாந்து எஞ்சின் மாடலை ஐரிஷ் ஆக்கலாம் என்கிறார்களே?

ஆக்கலாம், நல்ல வழி அது. இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலை செய்த பாகங்களை வாங்கி அயர்லாந்தில் பூட்டியவைதான் ‘வூல்விச்’ மோகல்கள் (முன்னால் இரண்டு சிறு சக்கரம், பின்னால் ஆறு பெரிய சக்கரம்). 372 முதல் 391 வரை 5 அடி 6 அங்குலச் சக்கரம். 393 முதல் 398 வரை 6 அடிச் சக்கரம். ‘என்’ வகையின் சக்கரம் முதல் கூட்டத்துக்கே பொருந்தும், ஆகவே 391-க்கு மேல் எண் போடாதீர்கள். புகைத் தடுப்புத் தகடுகள் இருந்தால் கழற்றுங்கள்; அயர்லாந்தின் மோகல்களில் அவை இருந்ததில்லை. துளைகளை ஃபில்லரால் அடைத்துத் தேய்த்துவிட்டு, சாம்பல் அடியுங்கள்.

கேள்வி: யுடிஏ (வட அயர்லாந்தின் அல்ஸ்டர் போக்குவரத்து நிறுவனம்) ‘ஜீப்’ டாங்க் எஞ்சினுக்கு என்ன நிறம்?

கறுப்பு, சிவப்பும் வைக்கோல் மஞ்சளுமாகக் கோடு. மொத்தம் 18 எஞ்சின்கள், மிஞ்சியிருப்பது 4-ஆம் எண்.

கேள்வி: கவுண்டி டோனகல் குறும்பாதை ரயில் எஞ்சினுக்கு?

செர்ரி அல்ல, ஜெரேனியம் சிவப்பு. பாதை 3 அடி, ஆகவே 4 மி.மீ. அளவுகோலில் 12 மி.மீ. தண்டவாளம்.

கேள்வி: சிஐஇ டீசல்களின் ஆரஞ்சு நிறம் பற்றி?

இங்கே நீராவி மட்டும். டீசல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டியபின் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்குகிறது.

மேட் பரப்பின்மேல் ஒட்டியிருக்கிறீர்கள். அடியில் காற்று சிக்கியிருக்கிறது. ஊசியால் குத்தி, செட்டிங் திரவம் ஒரு சொட்டு விட்டு அழுத்துங்கள். அடுத்த முறை கிளாஸ் வார்னிஷ், டீகால், பிறகு சாட்டின் வார்னிஷ் என்ற வரிசையில் போங்கள்.

கேள்வி: சார், ஜே15-க்கு ஸ்மோக்பாக்ஸை மட்டுமாவது கறுப்பு அடிக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன்: அதுவும் சாம்பல்தான். சூட்டில் பெயின்ட் கருகித் துருப்பிடித்த தோற்றம் வேண்டுமானால், சாம்பல் காய்ந்த பின் கதவின் அடிப்பகுதியில் துருப்பழுப்புப் பொடியைக் காய்ந்த பிரஷால் தேயுங்கள்.