கல், பறவை, டார்ச் லைட்: ஜெட் எஞ்சின் விழுங்கக் கூடாதவை

போர் விமான எஞ்சின் பராமரிப்பில் 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எஃப்ஓடி, அதாவது எஞ்சினுக்குள் வெளிப்பொருள் போய்ச் செய்யும் சேதம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, அவ்வளவு பெரிய எஞ்சினைச் சின்னக் கல் என்ன செய்துவிடும்?

பதில்: உடனே ஒன்றும் செய்யாது தம்பி, அதுதான் வில்லங்கம். காற்றை அழுத்தும் கம்ப்ரஸரில் சுற்றும் பிளேடின் விளிம்பு மெல்லியது. அதில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தாலும், சுற்றும் வேகத்தில் வரும் அழுத்தமும் அதிர்வும் அந்த இடத்திலேயே குவியும். அங்கிருந்து விரிசல் கிளம்பும். கல்லை விழுங்கி எத்தனையோ முறை பறந்த பிறகு ஒருநாள் பிளேடு முறியும். முறிந்த துண்டு பின்னால் இருக்கிற அடுக்குகளையும் சேர்த்து நாசம் பண்ணும். அதனால்தான் போரஸ்கோப் என்கிற மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டு ஒவ்வொரு பிளேடாகப் பார்க்கிறோம். கீறல் சின்னதாக, அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அரம் போட்டு வழவழப்பாக்கி விடலாம். மீறினால் பிளேடையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: ரஷ்ய விமானம் வாயை மூடிக்கொண்டு ஓடுமாமே?

பதில்: மிக்-29 அப்படித்தான். தரையில் ஓடும்போது இன்டேக்கை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வாயை, கதவு மூடிவிடும். இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல்புறத் திறப்புகள் வழியாக மூச்சு விடும். சூ-27இல் கதவு கிடையாது, வலைதான். அமெரிக்க எஃப்-16இன் வாயோ வயிற்றுக்கடியில், தரையை ஒட்டி இருக்கிறது. அதனால் முன்சக்கரத்தை இன்டேக்குக்குப் பின்னால் வைத்தார்கள், சக்கரம் தெறிக்க விடும் கல் உள்ளே போகாது. மற்றபடி அமெரிக்கர்களின் வழி, வரிசையாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து பொறுக்குவது. விமானந்தாங்கிக் கப்பலில் அது அன்றாட வேலை.

கேள்வி: பறவைதானே சார் பெரிய ஆபத்து?

பதில்: ஆபத்துதான். 1995இல் அலாஸ்காவில் ஓர் ஈ-3 ரேடார் விமானம் மேலே எழும்பும்போதே கனடா வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போயின. உள்ளே இருந்த 24 பேரும் இறந்தார்கள். 2019இல் அம்பாலாவில் பறவை மோதிய நம் ஜாகுவார் போர் விமானத்துக்கு அதிர்ஷ்டம். ஒரு எஞ்சின் போனதும் விமானி எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கினார். ஆனால் என்னைக் கேட்டால், பறவையைவிட மனுஷனின் மறதிக்குத்தான் பயப்படுவேன்.

கேள்வி: எஃப்-35 டார்ச் லைட்டைத் தின்றது நிஜமா?

பதில்: நிஜம். 2023 மார்ச், அரிசோனாவின் லூக் தளம். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஊழியர் டார்ச் அடித்து இன்டேக்கைச் சோதித்தார். சோதித்த டார்ச்சை அதன் விளிம்பிலேயே வைத்துவிட்டார்! எஞ்சினை அணைக்கும்போதுதான் சத்தம் மாறியது. நஷ்டம் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர்.

கேள்வி: ஐயா, நீங்கள் எதையாவது தொலைத்தது உண்டா?

பதில்: எங்கள் டூல் போர்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே இடம் வெட்டியிருக்கும், ஓர் இடம் காலியாக இருந்தால் விமானம் நகராது. ஒருநாள் 10 எம்எம் சாக்கெட் ஒன்றைக் காணோம். ராத்திரி முழுக்க ஆறு பேர் எஞ்சினைப் பிரித்துத் தேடினோம். விடிந்து டீ குடிக்கப் போய்ச் சில்லறைக்குக் கையை விட்டால், என் பையில் இருக்கிறது.