கண்புரை ஆபரேஷன்: பாலிசி இருந்தும் கைக்காசு ஏன்?

கேள்வி: எங்க ஆத்தாவுக்கு 67 வயசு, ரெண்டு கண்ணுலயும் புரை. மதுரைல ஒரு ஆஸ்பத்திரில காட்டினோம். ஒரு கண்ணுக்கு சாதா லென்ஸ்னா 48 ஆயிரம், கண்ணாடியே தேவைப்படாத மல்டிஃபோகல்னா ஒரு லட்சத்துக்கு மேலயாம். ஆத்தா பேர்ல 3 லட்சத்துக்கு ஆரோக்ய சஞ்சீவனிங்கிற மருத்துவக் காப்பீட்டு பாலிசி, மூணு வருஷமா விடாம கட்டுறோம், ஆனா ஏஜென்ட் 40 ஆயிரம்தான் கிடைக்கும்ங்கிறார். அப்பச்சி வேற "புரை நல்லா முத்தட்டும், பிறகு பாப்போம்"ங்கிறாக. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஏஜென்ட் சொன்னது சரிதாம்மா. அந்த பாலிசில கண்புரைக்குன்னு தனி வரம்பு இருக்கு. ஒரு கண்ணுக்கு, ஒரு பாலிசி வருஷத்துக்கு, காப்பீட்டுத் தொகைல 25 சதவீதம் இல்லன்னா 40 ஆயிரம், எது கம்மியோ அதுதான். 3 லட்சத்துல 25 சதவீதம் 75 ஆயிரம் வந்தாலும் 40-லயே நின்னுரும், அதுலயும் 5 சதவீதம் கோ-பேன்னு உங்க பங்கு உண்டு. 1 லட்சம் பாலிசியா இருந்தா வெறும் 25 ஆயிரம்தான். நல்லவேளை, பாலிசி எடுத்து 24 மாசம் கழிச்சுதான் புரைக்கு கிளைம் பண்ண முடியும், அந்த வெயிட்டிங் உங்களுக்கு முடிஞ்சிருச்சு. காலைல போய் சாயங்காலம் திரும்புற டே-கேர் ஆபரேஷன்தான், ராத்திரி தங்கலையேன்னு கிளைம மறுக்க மாட்டாங்க.

இப்ப லென்ஸ் விஷயம், பில்லு ஏறுறதே இங்கதான். மல்டிஃபோகல் போட்டா வரம்புக்கு மேல உள்ளது முழுக்க உங்க கைக்காசு, அதனால லென்ஸ் எடுத்துச் சொல்ற ஆஸ்பத்திரி கவுன்சலர் சொன்ன உடனே தலையாட்டாதீங்க. சாதா மோனோஃபோகல் போட்டா தூரப்பார்வை நல்லா தெளிவாயிரும், பேப்பர் படிக்க, ஊசில நூல் கோக்க மட்டும் ஒரு கண்ணாடி வேணும், ஆத்தா அதுக்கு சம்மதிச்சா தாராளமா அதையே போடுங்க. விலை கம்மின்னா மட்டமான லென்ஸ்னு நினைக்க வேணாம், நம்ம மதுரை ஆரோலேப் 1992-லேர்ந்து லென்ஸ் செஞ்சு வெளிநாட்டுக்கே அனுப்புது.

ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல எஸ்டிமேட் வாங்கி கேஷ்லெஸ் அப்ரூவலுக்கு, அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டுற அனுமதிக்கு, அனுப்பச் சொல்லுங்க, எவ்வளவு அப்ரூவ் ஆச்சு, நம்ம எவ்வளவு கட்டணும்னு எழுத்துல வாங்கிக்குங்க. முக்கியமா ஒண்ணு, லென்ஸ் டப்பால கம்பெனி பேர், பவர், சீரியல் நம்பரோட ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை டிஸ்சார்ஜ் சம்மரில ஒட்டித் தரச் சொல்லுங்க. அது இல்லாம போனா கிளைம் இழுத்துக்கிட்டே கெடக்கும். முன்னாடி எடுத்த ஸ்கேன் பில், பிறகு வாங்குற சொட்டு மருந்து பில் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, ஆனா இதுக்கும் சேத்துதான் அந்த 40 ஆயிரமான்னு கம்பெனிட்ட முன்கூட்டியே கேட்டுருங்க.

ரெண்டாவது கண்ணுக்கு உங்க பாலிசில தனி வரம்பு இருக்கு, டாக்டர் சொல்ற இடைவெளில செஞ்சுக்கலாம். வேற பாலிசி வச்சிருக்கவங்க, வரம்பு கண்ணுக்கா இல்ல ஆளுக்கான்னு பாக்கணும், ஆளுக்குன்னா ரெண்டாவது கண்ண ரினியூவல் முடிஞ்சு வச்சுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க.

காசுதான் தடைன்னா சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயே இலவசமா லென்ஸ் வச்சு செய்யுறாங்க, அதுல எந்தக் குறைச்சலும் இல்ல. அப்பச்சிட்ட மட்டும் பக்குவமா சொல்லுங்க, முத்தட்டும்னு காத்திருந்ததெல்லாம் அந்தக் காலம். இப்ப புரை முத்தி இறுகிப்போனாதான் ஆபரேஷன் கஷ்டம், சில பேருக்கு கண்ணுல பிரஷர் ஏறி பார்வைக்கே ஆபத்தாயிரும். ராத்திரி எந்திரிச்சு நடக்கும்போது நிலைப்படி தெரியாம ஆத்தா கால் தட்டுறாகன்னா தள்ளிப்போடவே போடாதீங்க.